கெங்குசாமியின் காரில் கள்ளிக்கோட்டை வரை

சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி. கோயமுத்தூர் ராஜ வீதியில் தெரு விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. கெங்குசாமியின் கறுப்புக் கார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. நிற்கும்போது அதன் இடது சக்கரம் சாக்கடை ஓரத்துக் கல்லின் மேல் ஏறி, வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கி இறங்கியது. "ஏனுங்க, பொட்டி எல்லாம் எடுத்தாச்சுங்களா? போலாமுங்களா?" என்று உள்ளே இருந்தபடியே கேட்டார். கல்லைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. பயணம் முழுவதும் இப்படியேதான் நடந்தது என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நீலகிரி ஏறி, கூடலூர் வழியாக மலையாள தேசத்தில் இறங்கி, கடலைப் பார்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீடு திரும்புவது எங்கள் திட்டம். மூன்று நாள், சுமார் இருநூற்றெண்பது மைல். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம் அது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஊர்களுக்குப் போய்ப் பத்திரிகைகளுக்கு எழுதியிருக்கிறேன். இந்தப் பயணத்தை மட்டும் எட்டு வருஷமாக எழுதாமல் வைத்திருந்தேன். சோம்பல் காரணமில்லை, வெட்கம்.

நாங்கள் நான்கு பேர். கெங்குசாமிக்குப் பீளமேட்டில் பம்புக்கு இரும்பு வார்க்கும் சின்னப் பட்டறை. வீட்டில் பேசுவது தெலுங்கு, வெளியில் எங்களையெல்லாம் விட மரியாதையான தமிழ். ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது விற்ற காரை வாங்கி, அதை வேறு யார் கையும் படாமல் பத்து வருஷமாக ஓட்டி வந்தார். அவருக்குப் பக்கத்தில் முன் ஸீட்டில் பழனிச்சாமி, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். எப்போதும் பேசிக்கொண்டிருப்பார். பின் ஸீட்டில் என்னோடு தேவசகாயம், ஒரு ஹைஸ்கூலில் சித்திர வாத்தியார். யுத்த காலத்தில் அஸ்ஸாமில் ராணுவ லாரி ஓட்டியவர். எங்கள் நால்வரில் மலைப் பாதையில் வண்டி ஓட்டுவதில் உண்மையான பழக்கம் உள்ளவர் அவர்தான். அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன். அந்த வருஷம் சித்திரையிலிருந்து கெங்குசாமி மாதம் ஒரு முறை கடைக்கு வந்து ஒரு சீட்டை நீட்டி, பைலோகார்ப்பின் சொட்டு மருந்து வாங்கிப் போவார். "ஊட்டுல அவளுக்குங்க, கண்ணு கொஞ்சம் எரிச்சல்" என்பார். கண் எரிச்சலுக்கு யாரும் அந்த மருந்தை எழுத மாட்டார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறவர்களுக்கு எழுதுவது அது. அந்த வியாதியில் எதிரே இருப்பது தெளிவாகத் தெரியும், ஓரங்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டே வரும். அவர் மனைவி ராஜம்மாளையும் எனக்குத் தெரியும். மருந்துச் சீசாவின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறவள். ஆகவே மருந்து யாருக்கு என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அன்று காரில் ஏறினேன்.

ஏன் கேட்கவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் சீமையில் ஒருவருக்கு அவருடைய குறையை முகத்துக்கு நேரே சொல்வது அவர் வீட்டுக் கூரையில் கல் விட்டெறிகிற மாதிரி. "முடியாது" என்று சொல்லக்கூட மாட்டோம், "பாக்கலாமுங்க" என்போம். இருபது வருஷச் சிநேகிதத்தில் நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் ஒரு தடவைகூட "ங்க" போடாமல் கூப்பிட்டதில்லை. இதை ஒரு பெருமையாக நான் பல கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன்.

ஆறரை மணி. காரமடைக்கு இப்பால் கறிவேப்பிலை மூட்டை ஏற்றிய கட்டை வண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. சாலை அகலமானது, எதிரே ஒரு வண்டியும் இல்லை. கெங்குசாமி அதைத் தாண்டும்போது எங்கள் இடது மட்கார்டு வண்டிச் சக்கரத்தின் குடத்தில் உராய்ந்து ஒரு சத்தம் எழுப்பியது. மாடுகள் மிரண்டன. "வண்டிக்காரன் தூங்கிப்போட்டானுங்க" என்றார் கெங்குசாமி. நான் திரும்பிப் பார்த்தேன். வண்டிக்காரர் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். தேவசகாயமும் பார்த்தார். எங்கள் இரண்டு பேர் கண்ணும் ஒரு விநாடி சந்தித்தன. பிறகு அவர் தம் பக்கத்து ஜன்னல் வழியாகப் பாக்குத் தோப்புகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மேட்டுப்பாளையம், இருபத்திரண்டு மைல், ஏழு மணி. ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. எல்லாம் சேர்த்துத் தலைக்கு முப்பத்தைந்து நயா பைசா. பெட்ரோல் காலன் மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பவானிப் பாலத்தைத் தாண்டியதும் மழைத் தூறல் பிடித்தது. மலை உச்சியே தெரியவில்லை, மேகம் பாதி மலை வரை இறங்கி நின்றது.

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரைக்கும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பாதையின் ஒரு புறம் சுவர் மாதிரிப் பாறை, மறு புறம் அடி தெரியாத பள்ளம், அதற்கு முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர். முதல் வளைவைக் கெங்குசாமி நன்றாகவே திருப்பினார். இரண்டாவதில் இடது பக்கத்துப் பாறை நேராக எங்கள் மேல் வந்தது. "பாறைங்க!" என்று பழனிச்சாமி கத்திவிட்டார். கத்தியதும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று போலும். குரலை மாற்றிக்கொண்டு, "எம்புட்டு அழகான பாறைங்க! எடது பக்கம் ரோட்டுக்கே வந்து நிக்குது பாருங்க" என்றார்.

கெங்குசாமி ஸ்டியரிங்கை வலது பக்கம் கொஞ்சம் ஒடித்தார். "ஆமாங்க, நல்ல பாறைங்க" என்றார்.

அந்த நிமிஷத்தில் ஆரம்பித்ததுதான். பழனிச்சாமி இடது பக்கத்துக்குப் பொறுப்பு ஏற்றுக்கொண்டார். வலது பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். "வலது புறம் என்ன பள்ளத்தாக்குங்க! சுவர்கூட இடிஞ்சு கிடக்குது பாருங்க, ஓடை அப்படியே தெரியுது" என்று பத்திரிகைக்கு எழுதுகிற மாதிரியே வர்ணித்தேன். தேவசகாயம் வாத்தியார் தூரம் சொன்னார். "முப்பது கஜத்துக்கு அப்பால சோத்தாங்கைப் பக்கம் ஒரு வளைவுங்க. படம் போட்டா நல்லா வரும். அதுக்கு முன்னால ரெண்டு பொம்பளைங்க வெறகுக் கட்டோட வாராங்க, அதையும் சேத்துப் போடலாம்." எங்கள் மூன்று பேரையும் அப்போது யாராவது பார்த்திருந்தால் மலையைப் பார்த்துப் பைத்தியம் பிடித்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள். வாத்தியாரின் வலது கால் மட்டும் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அந்தச் செருப்பு பலகையில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பர்லியாறில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினோம். மங்குஸ்தான் பழம் விற்றுக்கொண்டு வந்தார்கள். கெங்குசாமி வண்டியைச் சுற்றி வந்து மட்கார்டின் புதுக் கீறலைக் கையால் தடவிப் பார்த்தார். "பழைய கீறலுங்க போல இருக்குது" என்றார். பழனிச்சாமி உடனே, "ஆமாங்க, பழசுதானுங்க" என்றார்.

பன்னிரண்டரை மணி, ஊட்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து முப்பத்திரண்டு மைலுக்கு ஐந்தரை மணி நேரம். லாட்ஜில் நாலு கட்டில் போட்ட அறை ஆறு ரூபாய், வெந்நீருக்குத் தனியாக நாலணா. நயா பைசா வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அந்த லாட்ஜ்காரருக்கு அணாதான் கணக்கு. கெங்குசாமி தலைவலிக்கிறது என்று படுத்துவிட்டார். நாங்கள் மூவரும் ஏரிக்கரைக்கு நடந்தோம். ஏரி சாம்பல் நிறமாக இருந்தது. படகுகளைக் கரையில் கட்டி வைத்திருந்தார்கள்.

"சொல்லிப்போடோணுமுங்க" என்றார் பழனிச்சாமி, யார் முகத்தையும் பார்க்காமல்.

"ஆமாங்க, சொல்லித்தான் ஆகணும்" என்றேன்.

"நீங்க மருந்துக் கடைக்காரருங்க. நீங்க சொன்னாத்தானுங்க அவருக்கு மரியாதையா இருக்கும். எனக்கு எங்கீங்க வாய் வரும்? என்ர மக பிரசவத்துக்குக் கஷ்டப்பட்டப்ப கிணத்துக்கடவுல இருந்து கோயமுத்தூருக்கு இதே வண்டியில கொண்டாந்து சேத்தவருங்க அவரு."

நான் வாத்தியாரைப் பார்த்தேன். "நீங்க ராணுவத்துல ஓட்டினவருங்க. நாளைக்கு ஒரு நாள் நான் ஓட்டறேன்னு கேட்டீங்கன்னா..."

வாத்தியார் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்கப்பா பண்ணையத்துல வேலை பாத்தவருங்க. எங்க ஆளுகளைத் தன்னோட கார்ல சமமா உக்கார வெச்சு, ஒரே மேசையில சாப்பிட வெச்சுக் கூட்டிட்டுப் போறவரு இந்த ஊர்ல எத்தனை பேருங்க இருக்காங்க? நான் அவரு கையில இருந்து ஸ்டியரிங்கைக் கேக்கறதுங்களா? நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. சொன்னீங்கன்னா நான் ஓட்டறேனுங்க, ஒரு மயிரிழை பிசகாம கொண்டுபோய்ச் சேக்கறேன்" என்றார்.

இப்படி ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டே ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினோம். கடைசியில், ஊர் போய்ச் சேர்ந்ததும் ராஜம்மாளிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏகமனதாக முடிவு செய்தோம். முடிவு செய்ததும் மூன்று பேருக்கும் பசி எடுத்தது. மார்க்கெட்டுக்குப் போய்ச் சூடாகப் பஜ்ஜி சாப்பிட்டோம். அந்தப் பஜ்ஜியின் ருசி இன்னும் ஞாபகம் இருப்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். ஊட்டியிலிருந்து கூடலூர் முப்பத்திரண்டு மைல். பைக்காரா வரையில் புல்வெளி மேடுகள், நடுவில் கறுத்துத் திரண்ட சோலைகள், அங்கங்கே எருமைகள். அழகான இடம் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அதைப் பார்க்கவில்லை, சாலையின் வலது ஓரத்தைத்தான் பார்த்தேன். நடுவட்டத்துக்கு அப்பால் இறக்கம் தொடங்கும் இடத்தில் மூடுபனி வந்து காரை விழுங்கிவிட்டது. முன் விளக்கைப் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கெங்குசாமி வண்டியை நடை வேகத்துக்குக் குறைத்தார். பிறகு லேசாகச் சிரித்தார்.

"இப்ப நம்ம நாலு பேருக்கும் ஒரே கண்ணுதானுங்க" என்றார்.

வாத்தியாரின் செருப்பு உரசும் சத்தம் நின்றுபோயிற்று. ஒரு ஃபர்லாங் தூரம் அப்படியே போனோம். பிறகு பழனிச்சாமி, "பனி ஜாஸ்திங்க இந்த வருஷம்" என்றார். நான், "ஆமாங்க, போன வருஷம் இப்படி இல்லை" என்றேன். போன வருஷம் நான் அங்கே போனதே இல்லை.

கூடலூரில் பத்தரை மணி. அங்கிருந்து நாடுகாணி வழியாக இறக்கம். மூங்கில் காடு, ஈரம், காற்றே இல்லாத புழுக்கம். வழிக்கடவில் கால் பட்டதும் ஊர் மாறிவிடுகிறது. ஓட்டு வீடுகள், வீட்டைச் சுற்றிப் பாக்கும் பலாவும், சாலை ஓரம் முழுக்கக் குடை பிடித்த ஜனங்கள். ஓணம் சமயம், ஒவ்வொரு வாசலிலும் பூவால் வட்டக் கோலம். நிலம்பூரில் தேக்குத் தோப்பின் நடுவே போகிறது சாலை. மரங்கள் சிப்பாய்கள் மாதிரி வரிசையாக நின்றன. "எடது பக்கம் தேக்குங்க, தேக்குக்கு அடியில சைக்கிள்ல ஒரு ஆளுங்க" என்று பழனிச்சாமி பாட்டாகவே பாடிக்கொண்டு வந்தார். தொண்டை கட்டிவிட்டது பாவம். மத்தியானச் சாப்பாடு மஞ்சேரியில் ஆளுக்கு அறுபது நயா பைசா, சிவப்பரிசிச் சோறு. பழனிச்சாமிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை.

மாலை ஐந்து மணி. கள்ளிக்கோட்டை, கடற்கரை. கூடலூரிலிருந்து சுமார் எழுபத்தைந்து மைல். கடலுக்குள் நீட்டிய இரண்டு இரும்புப் பாலங்கள் துருப்பிடித்து நின்றன. மழை விட்டிருந்தது, ஆனால் வானத்தில் ஒரு வெளிச்சமும் இல்லை. பழனிச்சாமியும் வாத்தியாரும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் போனார்கள். கெங்குசாமியும் நானும் மணலில் உட்கார்ந்தோம். அவர் கடலை நேராகப் பார்த்தார். பிறகு தலையை முழுக்க இடது பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு முழுக்க வலது பக்கம்.

"கடல் எம்புட்டு அகலமுங்க உங்களுக்குத் தெரியுது?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியற மாதிரிதானுங்க. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும்."

"அப்படீங்களா."

அலை ஒன்று வந்து போயிற்று. அவர் ஒரு பிடி மணலை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நான் வண்டி ஓட்டறதுல உங்களுக்கு ஏதாச்சும் சொல்லோணும்னு இருந்தாச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேனுங்க."

அவர் கேட்டது என் காதில் விழுந்தது. சரியாகவே விழுந்தது. சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. நாக்கு வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒரு குழந்தைத்தனமான பயம் தெரிந்தது. அந்த முகத்தில் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அது இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். இரக்கம் இல்லை, கோழைத்தனம்.

"ஒண்ணும் இல்லீங்க. வண்டி நல்லா ஓட்டறீங்க. உங்க கை பட்டா அது பட்டு மாதிரிப் போகுதுங்க" என்றேன்.

அவர் மணலைக் கீழே விட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "ரொம்ப சந்தோஷமுங்க" என்றார்.

திங்கட்கிழமை, காலை ஏழு மணி. கரையோரமாகத் தெற்கே புறப்பட்டோம். ஃபரோக்கில் ஆற்றின் மேல் ஒரு பழைய இரும்புப் பாலம், ஒரு வண்டிதான் போகலாம். பாலத்தின் இடது ஓரம் இரும்புச் சட்டத்தை ஒட்டி, தலையில் மீன் கூடையோடு ஒருவர் நடந்துகொண்டிருந்தார். பழனிச்சாமி தொண்டை கட்டியதால் சற்று அசந்திருந்தார். கார் அந்த ஆளை நோக்கி மெல்லச் சாய்ந்தது. நான் எழுந்து முன் ஸீட்டின் மேல் சாய்ந்து, "எடது பக்கம் பாருங்க, எடது பக்கம்! என்ன அழகாத் தோணி போகுது!" என்று அலறினேன். கெங்குசாமி வலது பக்கம் ஒடித்தார். மீன்காரரின் கூடை எங்கள் ஜன்னலை ஒட்டி நகர்ந்தது. ஆற்றில் தோணி எதுவும் இல்லை. கெங்குசாமி பாலத்தைத் தாண்டிய பிறகு, "நல்ல தோணிங்க" என்றார்.

குற்றிப்புறத்தில் பாரதப்புழையின் மேல் புதுப் பாலம், அகலமானது, அதில் நிம்மதியாகப் போனோம். ஆறு நிறையத் தண்ணீர் ஓடியது, நடுவில் மணல் திட்டுகள். பட்டாம்பி, ஒற்றப்பாலம். பாலக்காட்டில் இரண்டு மணிக்குச் சாப்பாடு. வாளையாறு காட்டைத் தாண்டியதும் காற்று காய்ந்து, மண் சிவந்து, பனை மரங்கள் தெரிந்தன. எங்கள் ஊர்க் காற்று. மூன்று பேரும் ஒரே சமயத்தில் முதுகைச் சாய்த்தோம். வாத்தியார் காலை மடக்கி உட்கார்ந்தார்.

மாலை ஐந்தே முக்கால். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறுவதற்காகப் பழனிச்சாமி இறங்கினார். "வரட்டுங்களா. ஒரு கொறையும் இல்லாம கூட்டிட்டுப் போயிட்டு வந்தீங்க" என்று கை கூப்பினார். டவுன் ஹால் பக்கம் வாத்தியார் இறங்கினார். அவர் கார்க் கதவைச் சாத்திய பிறகும் கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், நான் சொல்லிவிடுகிறேன் என்கிற அர்த்தத்தில். ராஜ வீதியில் நான் இறங்கினேன். தெரு விளக்கு போட்டாகிவிட்டது. அங்கிருந்து பீளமேட்டுக்கு ஐந்து மைல். அந்த ஐந்து மைலுக்கும் அவருக்குப் பக்கம் சொல்ல ஆள் இல்லை. ஊடு வரைக்கும் வாரேனுங்க என்று ஏறி உட்கார்ந்திருக்கலாம். எனக்கு முதுகு வலித்தது. "போயிட்டு வாங்க" என்றேன். அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். உடனே ராஜம்மாளிடம் சொல்ல வேண்டியதும் அவசரமில்லை என்று தோன்றிவிட்டது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, பொள்ளாச்சிச் சந்தை நாள். கெங்குசாமி ஒரு தோட்டத்தில் மோட்டார் பம்பைப் பார்த்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். கிணத்துக்கடவுக்கு இப்பால், சந்தையில் வாங்கிய பசுங்கன்றைப் பிடித்துக்கொண்டு மாரப்பன் என்கிற பண்ணையாள் சாலையின் இடது ஓரமாக நடந்துகொண்டிருந்தார். கார் அவரை அடித்தது. கெங்குசாமிக்கு அது தெரியவே இல்லை. இரண்டு ஃபர்லாங் போன பிறகுதான், பின்னால் ஜனங்கள் ஓடி வந்து கத்துவது கேட்டு நிறுத்தியிருக்கிறார். மாரப்பன் அங்கேயே இறந்துவிட்டார். கன்றுக்கு ஒரு காயமும் இல்லை.

மாரப்பனை நான் பார்த்ததில்லை. மீன்கூடைக்காரரைப் பார்த்தேன், வண்டிக்காரரைப் பார்த்தேன், விறகுக் கட்டோடு வந்த பெண்களைப் பார்த்தேன். அவர்களையெல்லாம் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றினோம். எங்கள் சாமர்த்தியத்தால்தான் கெங்குசாமிக்குத் தம் கண்மேல் நம்பிக்கை வந்திருக்கிறது. நாங்கள் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் கல்லாற்றிலேயே ஒரு பாறையில் மோதி, மட்கார்டு நசுங்கி, விஷயம் முடிந்திருக்கும்.

அவரைப் போய்ப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஒரு சனிக்கிழமை காலை பீளமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன், டிக்கெட் பத்து நயா பைசா. பட்டறையில் உலை எரியவில்லை. போலீஸார் லைசென்சை வாங்கிக்கொண்டு காரைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அது கொட்டகையில் இடது விளக்கு உடைந்து நின்றது. ராஜம்மாள் வாசலுக்கு வந்து, "வாங்க, வாங்க" என்றாள். நான் செருப்பைக் கழற்றும்போது மெதுவாகச் சொன்னாள். குரலில் கோபம் துளிகூட இல்லை.

"கண் டாக்டர் சித்திரையிலயே வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாருங்க. நான் அழுதேனுங்க, கேக்கலை. கடைசியில அவரே சொன்னாரு, என்ர சினேகிதருங்க மூணு பேரையும் கூட்டிட்டு மலைக்குப் போறேன், அவங்க மூணு நாள் பாக்கட்டும், அதுல ஒருத்தர் ஒரே ஒரு வார்த்தை சொன்னாலும் சாவியை உன்ர கையில குடுத்துப்போடறேன்னு. போயிட்டு வந்து, பாத்தியா, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலைன்னாரு. அப்புறம் நானும் சும்மா இருந்துட்டேனுங்க. நீங்கெல்லாம் பாத்திருக்கீங்களே."

செருப்பை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். கெங்குசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கவாட்டில் நின்றதால் தலையை முழுக்கத் திருப்பி என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். எழுந்து நின்று கை கூப்பினார். "வாங்க, உக்காருங்க. பஸ்ல இடம் கெடச்சுதுங்களா?" என்றார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடியும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"கெங்குசாமி, உங்களுக்குக் கண்ணு தெரியலீங்க. இனி வண்டி ஓட்டாதீங்க" என்றேன்.

அவர் வேஷ்டி மடிப்பில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். இத்தனை நாளும் அதை அங்கேயே வைத்திருந்திருக்கிறார். தெலுங்கில் மனைவியைக் கூப்பிட்டார். அவள் வந்ததும் அவள் உள்ளங்கையில் சாவியை வைத்து, அவள் விரல்களைத் தாமே மடக்கி மூடினார். தெலுங்கிலேயே ஏதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் என்னைக் காட்டிச் சொன்னது தெரிந்தது. அவள் சாவியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரொம்ப நல்லதுங்க, சொன்னதுக்கு" என்றார் என்னிடம். "காப்பி குடிச்சுப்போட்டுத்தான் போகோணும்."

ராஜம்மாள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள்.

"எப்படீங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.